கரகரப்பு இல்லாத குரல்

ராயபுரம்
14 நவம்பர் 2025

ஜோபின் மாப்பிள்ளைக்கு,

சமாதானம் பேச எழுதுகிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே. கம்ப்யூட்டர் கெட்டுவிட்டது, அதற்காக எழுதுகிறேன். என் நம்பரை நீ பிளாக் செய்து வைத்திருக்கிறாய். உன் தோஸ்து பெனிட்டோவைப் பிடித்து, கெஞ்சி, நீ கப்பலில் பார்க்கும் இமெயில் விலாசத்தை வாங்கினேன். ஃபுட்பால் கமெண்ட்ரி மைக் ராசையா ஒருத்தனிடம் கெஞ்சினான் என்று அவன் வியாசர்பாடி முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிவான். சொல்லட்டும்.

தொண்டைக் கட்டிக்காக ஆபரேஷனில் என் குரல்வளையை எடுப்பதற்கு முன்னால், கடை ஷட்டரை இறக்கிவிட்டு, பாத்திர அடுக்குகளுக்கு நடுவில் உட்காரவைத்து, என் குரலை வார்த்தை வார்த்தையாகப் பதிவு செய்தவன் நீ. நான் தட்டச்சு செய்தால் கம்ப்யூட்டர் பெட்டி என் குரலில் பேசும்படி புரோகிராம் எழுதியவனும் நீதான். அதை நான் எங்கேயும் இல்லை என்று சொன்னதில்லை. உன் அக்காவுக்குச் சர்க்கரையால் பார்வை போன பிறகு அவளுக்கு அந்தப் பெட்டிதான் நான். எழுதிக் காட்டினால் அவளால் படிக்க முடியாது, சைகை செய்தால் பார்க்க முடியாது.

நடந்தது இதுதான். பழைய விண்டோஸுக்கு இனிமேல் பாதுகாப்பு கிடையாது, புதுசுக்கு மாறு என்று தினமும் திரையில் வந்து நின்றது. வைரஸ் வந்து குரல் போய்விட்டால் என்ன செய்வது என்று பயந்து மாற்றப் போனேன். இந்தப் பெட்டியில் புதுசு ஓடாது என்றது. தண்டையார்பேட்டை ரிப்பேர்காரர் வந்து உள்ளே ஏதோ ஒன்றைத் திறந்துவிட்டுப் போனார். அடுத்து, இடம் போதாது என்றது. பழைய சரக்கைக் கழித்தால்தானே புதுச் சரக்கு அடுக்க முடியும், கொஞ்சம் கழித்துவிட்டேன். அப்புறம் பாதியில் இரண்டு முறை நின்று, திரும்பப் பழையதற்கே போனது. மூன்றாம் முறை ஏறிவிட்டது. திரை பளபளவென்று இருக்கிறது. உன் புரோகிராமைத் திறந்தால் வெள்ளையாக ஒரு கணம் வந்து மூடிக்கொள்கிறது.

போனில் ஒரு தமிழ்க் குரல் இருக்கிறது, அதில் பேசிப் பார்த்தேன். உன் அக்கா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு எழுந்து நின்றுவிட்டாள். "யாருய்யா அது வூட்டுக்குள்ள? அவரு கடைக்குப் போய்கீறாரு, அப்பால வா" என்றாள். நான் அவளுக்கு இரண்டடி தூரத்தில் நிற்கிறேன்.

என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் எழுது. வேறு எதுவும் எழுத வேண்டாம்.

ராசையா


ராயபுரம்
22 நவம்பர் 2025

ஜோபின்,

பதில் இல்லை. கடலில் இருப்பவனுக்கு சிக்னல் இல்லையா, மனசு இல்லையா தெரியவில்லை.

தொண்டையில் வைத்துப் பேசும் அந்தப் பேட்டரிக் குழலையும் எடுத்துப் பார்த்தேன். கரண்ட் வைக்கிற ரேடியேஷன் வைத்தியத்தில் என் கழுத்துத் தோல் பலகை மாதிரி ஆகிவிட்டது, வெறும் வண்டுச் சத்தம்தான் வருகிறது. உள்ளங்கையில் விரலால் எழுதிப் பார்த்தேன். அவளுக்கு விரல் நுனி, உள்ளங்கை எல்லாம் மரத்துக் கிடக்கிறது. "இன்னாத்துக்குக் கையத் தடவிகினே கீற?" என்று கேட்கிறாள்.

போன் குரலுக்கு இப்போது பயப்படுவதில்லை. நான்தான் தட்டுகிறேன் என்று தெரியும். ஆனாலும் பதில் சொல்ல மாட்டேன் என்கிறாள். "நியூஸ் வாசிக்கிறவன்கிட்ட நான் இன்னா பேசறது? பேஜாரா கீது, அத்த மூடு" என்றாள். மூடிவிட்டேன்.

என் மேல் கோபமென்றால் வைத்துக்கொள். அவள் உன்னை என்ன செய்தாள்?

ராசையா


கடலில், கொழும்பைத் தாண்டி
6 டிசம்பர் 2025

அத்தான்,

உங்கள் இரண்டு மெயிலும் வந்த அன்றே பார்த்தேன். பெயரைப் பார்த்துவிட்டுத் திறக்கவில்லை. வேண்டுமென்றேதான் திறக்கவில்லை. நேற்று திறந்தேன். புது விண்டோஸ் ஏற்றிய பத்து நாளுக்குள் பழையதற்குத் திரும்ப ஒரு வழி இருக்கிறது. அந்தக் கெடு முடிந்துவிட்டது. இனி முன்னால் போய்த்தான் சரி செய்ய வேண்டும்.

அக்கா என்னை என்ன செய்தாள் என்று கேட்டிருக்கிறீர்கள். ரெஜிஸ்டர் ஆபீஸில் கல்யாணம் முடித்து மெஹ்னாஸை அழைத்துக்கொண்டு நேராக உங்கள் வீட்டுக்குத்தான் வந்தேன், முதலில் அக்கா காலில் விழவேண்டும் என்று. நீங்கள் கீபோர்டைத் தட்டினீர்கள். கிரவுண்டில் கூட்டத்தை ஒதுக்க நீங்கள் சொல்லும் 'கோட்டுக்கு வெளியே போங்க' என்பதை நான்தான் பதிவு செய்தேன். அதிலிருந்து 'வெளியே போ' மட்டும் எடுத்து என்னைப் பார்த்துச் சொல்ல வைத்தீர்கள். நான் உங்களுக்குக் கொடுத்த குரல் என் பெண்டாட்டி முன்னால் என்னைத் துரத்தியது. அக்கா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. அவளுக்குக் குரல் இருந்தது அத்தான்.

வேலைக்கு வருகிறேன். வெள்ளைத் திரை வந்து மூடும்போது வலது பக்கக் கீழ் மூலையில் சின்ன அறிவிப்பு ஏதாவது வருகிறதா பாருங்கள். வந்தால் எழுத்து எழுத்தாக எனக்கு அனுப்புங்கள். எதையும் அழுத்தாதீர்கள். எதையும் அழிக்காதீர்கள். கப்பலில் கம்பெனி நெட் மெயிலை மட்டும்தான் விடும், தூரத்திலிருந்து உங்கள் பெட்டிக்குள் என்னால் நுழைய முடியாது.

ஜோபின்


ராயபுரம்
8 டிசம்பர் 2025

மாப்பிள்ளை,

அறிவிப்பு வருகிறது. ஏதோ ஒரு டிரைவரை இந்தப் பெட்டியில் ஏற்ற முடியவில்லை என்று இங்கிலீஷில் சொல்கிறது. கீழே ஒரு கோப்பின் பெயர், அதில் நீ வாங்கி வைத்த சவுண்ட் பெட்டியின் பெயர் இருக்கிறது. போட்டோ எடுத்து இதோடு வைத்திருக்கிறேன்.

நீ எழுதிய மற்ற விஷயங்களைப் படித்தேன். அதைப் பற்றி எழுத எனக்கு ஒன்றும் இல்லை.

உன் அக்கா முந்தா நாள் சமையல்கட்டில் சூடான ஸ்டவ் பக்கம் கையை நீட்டினாள். என்னால் 'ஏய்' என்று ஒரு சத்தம் கொடுக்க முடியவில்லை. ஓடிப் போய்க் கையைப் பிடித்து இழுத்தேன். திடீரென்று யாரோ இழுத்ததும் அலறிவிட்டாள். அப்புறம் நெடுநேரம் அழுதாள். சீக்கிரம் ஏதாவது செய்.

ராசையா


கடலில்
11 டிசம்பர் 2025

அத்தான்,

அது நல்ல செய்தி. புரோகிராம் சாகவில்லை. சவுண்ட் பெட்டியை இயக்கும் டிரைவர் என்ற சின்ன புரோகிராம் பழசு, புது விண்டோஸின் பாதுகாப்பு அதைக் கதவருகே நிறுத்திவிட்டது. அந்தப் பாதுகாப்பை ஓரிடத்தில் அணைத்து, டிரைவரை எடுத்துவிட்டு மறுபடி ஏற்றி, கம்ப்யூட்டரை அணைத்துப் போட வேண்டும். அதன் பிறகு என் புரோகிராமைப் பழைய விண்டோஸில் ஓடுவதாக நினைக்க வைக்க வேண்டும். நீங்கள் செய்ய வேண்டாம், ரிப்பேர்காரரையும் கூப்பிட வேண்டாம். அவர் வந்தால் 'ஃபார்மட் அடிச்சிடலாம் சார்' என்பார். அவர்களுக்கு அது ஒன்றுதான் தெரியும்.

மெஹ்னாஸ் வருவாள். ஹார்பர் பக்கம் சரக்கு ஆபீஸில் எல்லாக் கம்ப்யூட்டரையும் அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். இப்போது தண்டையார்பேட்டையில் அவள் அம்மா வீட்டில் இருக்கிறாள். முதலில் முடியாது என்றாள். அக்காவுக்காக என்று நான் சொன்ன பிறகு சரி என்றாள். ஞாயிற்றுக்கிழமை வருவாள். கதவைத் திறந்துவிடுங்கள். வேறு எதுவும் நான் கேட்கவில்லை.

ஜோபின்


ராயபுரம்
15 டிசம்பர் 2025

மாப்பிள்ளை,

வந்தாள். கதவைத் திறந்தேன். செருப்பை வெளியே விட்டுவிட்டு நேராகப் பெட்டி முன்னால் உட்கார்ந்தாள். நான் டீ போட்டு வைத்தேன், ஆறிப் போகும்வரை அதைத் தொடவில்லை. நீ எழுதிய எல்லாவற்றையும் செய்தாள். மூன்றாவது தடவை உன் புரோகிராம் திறந்தது, மூடவில்லை. ஓடுகிறதா பார்க்கலாம் என்று ஏதோ ஒன்றைக் கண்ணை மூடி அழுத்தினாள்.

"கோட்டுக்கு வெளியே போங்க" என்றது என் குரல். கிண்ணென்று.

நான் அழுத்தவில்லை மாப்பிள்ளை. அதை நீ அவளிடம் சொல்லி வைக்க வேண்டும். அவள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள், முகம் செத்துவிட்டது. அதற்குள் உன் அக்கா சமையல்கட்டிலிருந்து சுவரில் இடித்துக்கொண்டு ஓடி வந்தாள். "வந்துட்டியா? ஏய், வந்துட்டியா?" என்று சிரிக்கிறாள், அழுகிறாள், காற்றில் கையைத் துழாவுகிறாள். மெஹ்னாஸ்தான் எழுந்து பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தாள். "பேசு, இன்னாவாச்சும் பேசு" என்றாள் உன் அக்கா.

நான் 'கனி' என்று அவள் பெயரைத் தட்டினேன். புரோகிராம் எதுவும் பேசவில்லை. கோப்பு இல்லை என்று சிவப்பாக எழுதியது. 'சாப்பிட்டியா' என்று தட்டினேன். கோப்பு இல்லை. எதைத் தட்டினாலும் அதேதான். 'அன்பார்ந்த ரசிகப் பெருமக்களே' என்று தட்டினால் மட்டும் முழுசாக வருகிறது. உன் அக்கா அதைக் கேட்டுக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

மெஹ்னாஸ் தேடிப் பார்த்துவிட்டு, நிறையக் கோப்பு அழிந்திருக்கிறது, நீங்கள் ஏதாவது அழித்தீர்களா என்று கேட்டாள். ஆமாம் என்று தலையாட்டினேன். இடம் போதாது என்று சொன்னதே, அப்போது உன் பதிவுகளை ஹெட்போன் மாட்டி ஒவ்வொன்றாகக் கேட்டேன். கரகரப்பு, இருமல், மூச்சு வாங்கியது, பாதியில் உடைந்தது எல்லாம் ஏராளமாக இருந்தது. முப்பது வருஷம் மைக் பிடித்தவன் நான். அந்த மாதிரிக் குரலை ஒரு மேட்சில் விட்டால் ஜனங்கள் கல்லால் அடிப்பார்கள். நல்லதை வைத்துக்கொண்டு கெட்டதைக் கழித்தேன். குப்பைத் தொட்டியையும் காலி செய்தால்தான் இடம் கிடைக்கும் என்றது, காலி செய்தேன். கெட்டது போனால் பெட்டி நல்லதை எடுத்துக்கொள்ளும் என்றுதானே நினைப்பேன்? எப்படித் திரும்ப எடுப்பது?

ராசையா


கடலில்
18 டிசம்பர் 2025

அத்தான்,

நீங்கள் மனுஷர்தானா?

பதிவு செய்யத் தொடங்கின முதல் வாரம் உங்கள் குரல் மணி மாதிரி இருந்தது. அப்போது என்ன சொன்னீர்கள்? "மொதல்ல கமெண்ட்ரி எடு மாப்ள, அதான் சொத்து" என்றீர்கள். கோல், கார்னர், பெனால்டி, மாதா கோயில் திருவிழா அறிவிப்பு, காணாமல் போன குழந்தை அறிவிப்பு. எல்லாம் எடுத்தோம். வீட்டு வார்த்தைகளை எடுப்போம் அத்தான், நாள் போகிறது என்று நான் தலைதலையாய் அடித்துக்கொண்டேன். "வூட்ல பேசறதுக்கு இன்னாடா ரிகார்டிங்" என்று சிரித்தீர்கள். கடைசியில் கட்டி பெருத்து, குரல் கம்மி, தண்ணீர் குடித்துக் குடித்துத்தான் வீட்டு வார்த்தைகளைச் சொன்னீர்கள். 'கனி', 'மாத்திரை போட்டியா', 'கால் வலிக்குதா', 'படி கீது பாத்து வா', 'நான் இங்கதான் கீறேன்'. அத்தனையும் கரகரப்பில்தான் இருந்தது. அது ஒன்றுதான் இருந்தது. புரோகிராம் எடுத்துக்கொள்ள வேறு நல்லது கிடையாது. அக்காவுக்கு அந்தக் கரகரப்புதான் நீங்கள்.

திரும்ப எடுக்க முடியாது. பெட்டியில் சுழலும் டிஸ்க் இருந்திருந்தால் தோண்டிப் பார்க்கலாம். வேகமாக இருக்க வேண்டும் என்று நான் சிப் டிஸ்க் போட்டேன். அழித்த இடத்தை அதுவே துடைத்துவிடும். மெஹ்னாஸ் வண்ணாரப்பேட்டையில் ஒரு கடையில் கேட்டிருக்கிறாள், அவர்களும் கையை விரித்துவிட்டார்கள். உங்கள் மெயிலை நான் அன்றைக்கே திறந்திருந்தாலும் இது திரும்பி இருக்காது. அதைச் சொல்லிக்கொண்டு நான் தூங்கப் பார்க்கிறேன், தூக்கம் வரவில்லை.

என்னிடம் ஒரு நகல் இருந்தது. கேளுங்கள், அது எங்கே போனது என்று. உங்கள் வீட்டிலிருந்து துரத்தப்பட்டு, கையில் இருந்த காசுக்குச் சடையங்குப்பத்தில்தான் எங்களுக்கு வீடு கிடைத்தது. அந்த வருஷம், 2023 டிசம்பரில், வெள்ளம் வந்தது. மெஹ்னாஸைத் தோளில் தூக்கிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் வெளியே வந்தேன். பீரோவும், அதற்குள் இருந்த ஹார்ட் டிஸ்கும் வெள்ளத்தோடு வந்த ஆலை எண்ணெயிலும் சேற்றிலும் மூன்று நாள் ஊறின. காயவைத்துப் பார்த்தேன். ஓடவில்லை. தூக்கிப் போட்டுவிட்டேன்.

இப்போது யார் மேல் கோபப்படுவது என்றே எனக்குத் தெரியவில்லை.

ஜோபின்


ராயபுரம்
9 ஜனவரி 2026

மாப்பிள்ளை,

உன் வசவு கிடைத்தது. வாங்கிக்கொண்டேன்.

உன் சிநேகிதர் ஒருவர், மிச்சம் இருக்கும் பதிவுகளை வைத்து ஏ.ஐ.யில் புதுக் குரல் செய்யலாம் என்றாராம், மெஹ்னாஸ் அதைக் கொண்டுவந்து போட்டாள். குரல் என் குரல்தான், மறுக்க முடியாது. 'கனி, தண்ணி குடும்மா' என்று தட்டினேன். எதிர் டீமுக்கு ரெட் கார்டு காட்டியதை அறிவிக்கிற மாதிரி வந்தது. மெஹ்னாஸுக்கே சிரிப்பு வந்துவிட்டது. உன் அக்காவும் சிரித்தாள். நாலு வாக்கியம் கேட்டாள். அப்புறம் சிரிப்பு நின்றது. "இது மைக்கு பேசுது. அவரு பேசல. கலீஜா கீது, எடுத்துடு" என்றாள். மெதுவாகப் பேச வைக்கிறேன், சோகமாகப் பேச வைக்கிறேன் என்று மெஹ்னாஸ் என்னென்னவோ மாற்றிப் பார்த்தாள். மெதுவாகப் பேசினால் மேட்சில் யாரோ செத்துப் போனதற்கு மௌன அஞ்சலி சொல்வது போல இருந்தது. அவள் பாவம், மூன்று ஞாயிற்றுக்கிழமை வந்தாள். கடைசி ஞாயிறு டீ குடித்துவிட்டுப் போனாள்.

உன் அக்கா இப்போதெல்லாம் பேசுவதே இல்லை. முன்னால் நாள் முழுக்கத் தொணதொணவென்று பேசுவாள், நான் தட்டிப் பதில் சொல்வதற்குள் அடுத்ததுக்குப் போய்விடுவாள். இப்போது என்னவென்று கேட்டால், கேட்க எனக்கு ஏது வாய், கையைப் பிடித்து ஆட்டினால், "பதிலு வராத எடத்துல இன்னா பேசறது? இருட்டுல தனியா பேசிகினு இருந்தா பைத்தியம்னுவாங்க" என்றாள். அவ்வளவுதான். அவளுக்குக் கண் தெரியாது, எனக்குப் பேச்சு வராது. இப்போது அவளும் பேசுவதில்லை என்றால் இந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று யாருக்குத் தெரியும்?

நடுவில் ஒன்று மட்டும் கேட்பாள், நான் இருக்கிறேனா என்று. "கீறியா?" நான் மேஜையை ஒரு தட்டுத் தட்டுவேன். சரி என்று சும்மா இருப்பாள். நேற்று அவளுக்கு மாத்திரை வாங்கப் போய் வரிசையில் நேரமாகிவிட்டது. திரும்பி வந்து கதவைத் திறந்தால், காலியான கூடத்தில் உட்கார்ந்துகொண்டு "கீறியா? ஏய், கீறியா?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். எவ்வளவு நேரமாகக் கேட்டாளோ. ஓடிப் போய்த் தட்டினேன். கோபித்துக்கொள்ளவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். என்னிடம் பேச வேண்டாம். அடுத்த துறைமுகத்தில் சிம் கிடைத்தால் அவளுக்குப் போன் செய். இந்த வீட்டில் தெரிந்தவர்கள் குரல் ஏதாவது ஒன்று அவளுக்குக் கேட்கட்டும்.

ராசையா


டர்பன் துறைமுகம்
25 ஜனவரி 2026

அத்தான்,

போன் பேசியபோது நீங்கள் அக்கா பக்கத்தில்தான் நின்றிருப்பீர்கள். அக்கா பேசியது உங்களுக்குக் கேட்டிருக்கும். நான் சொன்னது கேட்டிருக்காது. அதனால் எழுதுகிறேன்.

அக்கா என்று கூப்பிட்டேன். "யாரு, ஜோபினா?" என்றாள். இரண்டரை வருஷம் கழித்துப் பேசுகிறோம், திட்டுவாள் என்று நினைத்தேன். "சாப்டியாடா?" என்றாள். சாப்பிட்டேன் என்றேன். அன்றைக்கு ஏன் ஒரு வார்த்தை பேசவில்லை என்று கேட்கத்தான் போன் போட்டேன். கேட்கவில்லை. மெஹ்னாஸ் வந்து போனது, தன்னைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தது, அதெல்லாம் சொன்னாள். நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். முன் மாதிரியே தொணதொணவென்று பேசினாள் அத்தான். பதில் வருகிற இடம் கிடைத்ததும் பேசுகிறாள்.

பிறகு பழைய ஞாபகத்தில் போனைக் காதிலிருந்து எடுத்து, "இந்தா, தம்பி பேசறான், நீயும் பேசு" என்று உங்கள் பக்கம் நீட்டினாள். நீட்டிக்கொண்டே இருந்தாள் போலிருக்கிறது. நானும் இந்தப் பக்கம் காத்துக்கொண்டு நின்றேன், கிரேன் சத்தத்தில் ஒரு காதைப் பொத்திக்கொண்டு. நீங்கள் மேஜையைத் தட்டியது கேட்டது. ஒரு தட்டு. அப்புறம் வேகமாக நாலைந்து தட்டு.

அக்கா போனைத் திரும்பக் காதில் வைத்தாள்.

"இன்னாடா சொன்னாரு?"

எதையாவது சொல்லியிருக்கலாம். நல்லா இருக்கியா என்று கேட்டார், சீக்கிரம் ஊருக்கு வரச் சொன்னார் என்று நானே இட்டுக்கட்டியிருக்கலாம். அக்கா நம்பியிருப்பாள்.

"மேஜையத் தட்டுனாருக்கா" என்றேன்.

"அது எனக்கும்தான் கேட்டுச்சு. இன்னா சொன்னாருடா?" என்று மறுபடியும் கேட்டாள்.

நான் போனைக் கட் செய்துவிட்டேன் அத்தான்.

ஜோபின்